கரண்டுக் கம்பியில் கிரிக்கெட்

இனி ஞாயிற்றுக்கிழமை நெத்திலிக்குத் தலை கிள்ள மாட்டேன். சத்தியம்!

என் மனைவி பேச்சிச்செல்வி லேசுப்பட்டவள் அல்ல. வைஃபை பெட்டியைக் கீழே அடுப்படி ஓரமாக வைத்திருக்கிறாள். மேலே கனத்த கான்கிரீட். மாடி அறைக்கு ஒரு பொட்டு சிக்னல் ஏறாது. கிரிக்கெட் பார்க்க வேண்டுமா? கீழேதான் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் திரேஸ்புரத்து நெத்திலி ஒரு கூடை மடியில் வந்து விழும். இன்றைக்கோ இறுதிப் போட்டி!

பக்கத்து வீட்டு கிளாட்வின்தான் வழி சொன்னான்.

"அண்ணாச்சி, கரண்டு ஓடுத வயர்லயே நெட்டும் ஓடும். பெட்டிக்கிட்ட ஒரு பிளக்கு, மாடியில ஒரு பிளக்கு. சோலி முடிஞ்சுது."

இரண்டையும் வாங்கி மாட்டினேன். ஓடியது! சுவருக்குள் கரண்டோடு கரண்டாக இந்திய அணியே மாடி ஏறி வந்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு குதித்தேன்.

திடீரென்று படம் நின்றது. மட்டையை ஓங்கியவர் ஓங்கியபடியே நிற்கிறார். இறங்கி ஓடினேன். அடுப்படியில் மிக்சி தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தது. அவள் நிறுத்தியதும் மாடியில் மைதானத்துக் கூட்டம் கத்தியது.

என் வாய் சும்மா இருக்கக் கூடாதா?

"ஏளா, மிக்சி மோட்டார் இரைச்சல் வயர்ல ஏறுது. அதான் நெட்டு நிக்கி."

"அப்படியா? மிக்சியப் போட்டா மேல நின்னுருமோ?"

"பின்ன? சயின்ஸுல்லா!"

"நல்ல சயின்ஸுதான். அந்தப் பரண்ல இருக்க உப்பு டப்பாவ எடுத்துக் குடுத்துட்டுப் போங்க."

கொடுத்துவிட்டுப் பறந்தேன்.

கடைசிப் பந்து. ஐந்து ரன் வேண்டும். பந்து வீச ஓடி வருகிறார், வருகிறார்... நின்றுவிட்டார்!

படிகளில் உருளாத குறை. மிக்சி அலறிக்கொண்டிருந்தது. அணைத்து மூடியைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை.

"ஏளா, வெறும் ஜார்ல என்னத்த அரைக்க?"

"மாடியப் பாத்துக் கத்திக் கத்தித் தொண்டை வத்திப்போச்சு. இத ஒரு சுத்து விட்டா நீங்களே ஓடி வந்துருதீய." நெத்திலிக் கூடையை என் பக்கம் நகர்த்தினாள்.

"பாவி! கடைசிப் பந்து போச்சே!"

"அதுவா? சிக்ஸரு." புளி டப்பாவில் சாய்த்து வைத்திருந்த செல்லைக் காட்டினாள். "கீழ நெட்டு நல்லாத்தான் வருது."

கூடையை மடியில் வைத்துக்கொண்டேன். கைக்காசைப் போட்டு, பெண்டாட்டிக்குக் காலிங் பெல் மாட்டிக் கொடுத்திருக்கிறேன்.