ஜன்னலில் ஏறும் மலை

அன்புள்ள எஸ்தர் அக்காவுக்கு,

மலேசியா பிரிஞ்சாங் தேயிலைத் தோட்டத்திலிருந்து தங்கை கத்தரீன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் மார்க்கும் நலம், இந்த வரி எழுதும்வரைக்கும். போனில் பேசினால் அவர் பக்கத்தில் நின்று சிரிப்பார், அதனால் கடிதம்.

அக்கா, எதிர்மலை வளர்கிறது. சிரிக்காதே. மார்க்கைக் கல்யாணம் செய்துகொண்டு பாளையங்கோட்டையை விட்டு இங்கே வந்த நாளிலிருந்து மாதம் ஒரு படம், அதே ஜன்னல், அதே நாற்காலி, அதே தேயிலை மலை, உச்சியில் அதே ஒற்றை மரம் என்று வரைந்துவருகிறேன் அல்லவா? இந்த ஜனவரிப் படத்தில் மரம் ஜன்னலின் நடுக்கம்பிக்குக் கீழே நின்றது. ஜூனில் கம்பியைத் தொட்டது. இப்போது அக்டோபரில் கம்பிக்கு மேலே ஏறி நின்று என்னையே பார்க்கிறது. நாலு நாளாக விடாத மழை வேறு. இந்த மலை எங்கள் தலையில்தான் வந்து விழப்போகிறது என்று ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து ஜன்னலில் பார்க்கிறேன். மார்க்கிடம் காட்டினால், "மலை எங்கயாச்சும் வளருமா லா? நீ வரைஞ்சது தப்பு" என்கிறார். ஃபேக்டரியில் கணக்கெழுதும் கிராணி சாம்பசிவம் கண்ணாடியை மாற்றச் சொன்னார். கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரிக்குப் பக்கத்தில் என் படங்களை வைத்து விற்கிற நசுருதீன், "மலையக் கொஞ்சம் கீழ இறக்கிப் போடுங்கக்கா, வானம் தெரிஞ்சாத்தான் டூரிஸ்ட்டு வாங்குறான்" என்கிறான். யாருக்கும் பயமே இல்லை அக்கா! படம் தப்பென்றால் நான் ஓவியரே இல்லை. சரியென்றால் நாங்களே இல்லை. எதற்காக ஜெபம் செய்வது என்றுகூடத் தெரியவில்லை.

இதில் வீட்டுத் தொல்லை வேறு. வாசல் கதவு சாத்த வரமாட்டேன் என்கிறது, ஈரத்தில் பலகை ஊறிவிட்டதாம். தூரிகையை மேசையில் வைத்தால் உருண்டு ஜன்னல் பக்கம் ஓடுகிறது, மேசைக்கால் குட்டையாம். மார்க் பேப்பரை மடித்து முட்டுக்கொடுத்தார். போன வாரம் இன்னொரு பேப்பர். அவர் சாமர்த்தியம் அவ்வளவுதான்.

டிசம்பரில் நீயும் அத்தானும் வரவேண்டாம். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். எங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் படங்களை நீயே வைத்துக்கொள், நசுருதீனிடம் கொடுத்துவிடாதே.

பாசமுள்ள தங்கை,
கத்தரீன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள், மேனேஜரிடம் நான் அழுததற்குப் பலனாக ஒரு என்ஜினீயர் வந்துவிட்டார். இந்த வருஷத்துப் பத்துப் படத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். தரையில் ஒரு பென்சிலை வைத்தார், அது ஓடியது. மலையைப் பற்றி இனிக் கவலையே வேண்டாமாம், அது நின்ற இடத்தில்தான் நிற்கிறதாம். எங்கள் வீடுதான் ஜன்னல் பக்கமாகப் பள்ளத்தில் சாய்ந்துகொண்டிருக்கிறது. மார்க் கட்டிலை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, "எழுதுனது போதும், ஓடி வா லா!" என்று கத்துகிறார். ஓடுகிறேன் அக்கா. ஆனால் படம் சரி.