பின்விரல் நகம்

பறவை பார்ப்பவர் என்றோர் இனம் மனிதரில் உண்டு. கழுத்தில் தொலைநோக்கி, செருப்பில் சேறு, எதிரே நிற்பவரைத் தாண்டி எங்கோ போகும் பார்வை. பேச்சுக் கொடுக்காதீர்கள். கொடுத்தால், "உஸ்ஸ்!" என்பார்கள்.

நானும் அந்த இனம்தான். நாடு நாடாகச் சுற்றிவிட்டுக் குடவாசலுக்குத் திரும்பியவள், நாகேஸ்வரன் சித்தப்பாவின் வயலில் நெட்டைக்காலி என்ற பறவையிடம் மாட்டிக்கொண்டேன். சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரியது, மண் நிறம், மார்பில் கோடுகள், பறப்பதைவிட ஓடுவதில் ஆசை. இதில் ஒரு வகை வருஷம் முழுக்க இங்கேயே இருக்கும். இன்னொன்று பனிக்காலத்துக்கு மட்டும் வடக்கேயிருந்து வரும். வித்தியாசம்? வந்து போகும் வகைக்குப் பின்விரல் நகம் கொஞ்சம் நீளம். அந்த நகத்துக்காக, நெல் அறுத்து உளுந்து தழைத்திருந்த வயலின் வரப்பில், தை மாதக் காலைகளையெல்லாம் குந்தியே கழித்தேன். நகம் கண்ணில் படப்போகும் சமயம் பார்த்து யாராவது வருவார்கள். பறவை போய்விடும்.

புது ஆட்சி, புதுச் சட்டம். ஊரெல்லாம் குத்தகைப் பதிவுப் பேச்சு. அந்த வயலைக் குத்தகைக்குச் சாகுபடி செய்வது தான்தான் என்று காத்தாயி மனுக் கொடுத்திருந்தார். பதிவாகிவிட்டால் அவரைச் சுலபத்தில் வெளியேற்ற முடியாது.

"சொந்தச் சாகுபடி, சார். இவ அறுப்புக்கு மட்டும் வந்துட்டுப் போறவ" என்றார் சித்தப்பா, விசாரிக்க வந்த தாசில்தாரிடம். சாட்சிக்கு என்னையே இழுத்து நிறுத்தினார். "அண்ணா பொண்ணு மதுரம். தினம் வயல்லதான் இருக்கா, கேளுங்கோ."

பறவை பார்ப்பவள் மனிதரைப் பார்த்திருக்கவே மாட்டாள் என்று நம்பினார். கெட்டிக்காரர்.

"ஏம்மா, இவங்கள வயல்ல பாத்திருக்கீங்களா?"

காத்தாயியின் முகம் எனக்குச் சுத்தமாக நினைவில்லை. தலையில் கட்டியிருந்த பச்சைத் துண்டு நினைவிருந்தது. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

"இவங்களா! தினமும் என் பறவையைக் கலைக்கறதே இவங்கதான் சார்! ஒரு நாள் களை பறிக்கறாங்க, ஒரு நாள் ஆட்டைத் துரத்தறாங்க. ஒரு நாளாவது லீவு போட்டாங்களா, நீங்களே கேளுங்க!"

தாசில்தார் எழுதிக்கொண்டார். சித்தப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கோழிய வெரட்டுற மாதிரி தெனம் உஸ்ஸு உஸ்ஸுன்னு என்னயத்தான வெரட்டுனீங்க?" என்றார் காத்தாயி. "இன்னிக்காச்சும் வாயத் தொறந்தீங்களே, நல்லாருங்க."

அவர் பெயர் பதிவாயிற்று. சித்தப்பா வீட்டில் எனக்குக் காபி நின்றது.

இவ்வளவு தூரம் படித்தீர்களே, காத்தாயி வயலில் நெல்லுக்குப் பிறகு என்ன பயிர், சொல்லுங்கள் பார்க்கலாம்? நினைவில்லையா? அந்தப் பறவை எந்த வகை என்று தெரிந்துகொள்ளத்தான் காத்திருக்கிறீர்களா?

எதற்கும் செருப்பில் சேறு இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.