எல்லாம் வஞ்சிரம்

கடலை நம்பி வாழ்ந்த அலைவாய் நாட்டில் மன்னரையும் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுப்பார்கள். "வீட்டுக்கு வீடு வஞ்சிரம்" என்று வாக்குக் கொடுத்து அரியணை ஏறியவர் மகரபூபதி. மறுநாளே அவருடைய மச்சானின் ராட்சதப் படகுகள் கடலில் இறங்கின. இழுவலை போட்டு அடிமணல்வரை வழித்தெடுத்தார்கள். சாளை, நெத்திலி, குஞ்சு குளுவான் எல்லாம் மாவாக அரைபட்டு வெளிநாட்டுக் கோழிகளுக்குத் தீனியாகப் போயின.

சந்தையில் மீன் விற்ற பூங்காவனத்துக்கு வாய் சும்மா இருக்குமா? பார்வையிட வந்த மீன்வள அமைச்சரை மறித்துக் கேட்டேவிட்டாள்.

"ஐயா, பொடிமீனெல்லாம் அரைச்சுப்புட்டா வஞ்சிரம் எதைத் தின்னும்?"

"அம்மணி, ஒன்றை ஒன்று தின்று பிழைப்பது பழைய காலம். மீன்களும் தற்சார்பு பெற வேண்டும்" என்றார் அமைச்சர்.

வஞ்சிரம் தற்சார்பு பெறவில்லை, காணாமல் போயிற்று. உடனே வந்தது அரசாணை: இனி சாளைக்கும் வஞ்சிரம் என்றே பெயர். பூங்காவனத்துக்கு ஒரே கொண்டாட்டம், சாளையை வஞ்சிர விலைக்கு விற்றாளே! அந்தக் கூத்தும் கொஞ்ச நாள்தான். சாளை ஒழிந்ததும் நெத்திலி வஞ்சிரமானது. அதுவும் ஒழிந்தது. இரைக்குப் போட்டியில்லாத கடலில் ஜெல்லிமீன் மண்டியது, தொட்டாலே அரிக்கும் சனியன். அரசு அசரவில்லை. "வலையில் வருவதெல்லாம் வஞ்சிரமே" என்று அடுத்த ஆணை போட்டது. பாவம், பூங்காவனத்தின் கூடையை நாய்கூட மோந்து பார்க்கவில்லை. வீட்டு அடுப்பில் பூனை தூங்கியது.

அந்த நேரம் பார்த்து அரண்மனைச் சேவகன் வந்து நின்றான்.

"நாளைக்கு மன்னரோட தேர்தல் விருந்து. வஞ்சிரம் கொண்டா. இல்லாட்டி சந்தையில உன் இடம் போச்சு."

"சட்டப்படியே கொண்டாறேன்" என்றாள் பூங்காவனம்.

விருந்தில் மன்னர் ஒரு துண்டை வாயில் போட்டார். உதடு பணியாரமாக உப்பியது, கண்ணில் நீர் கொட்டியது. துப்பினால் தன் சட்டத்தையே துப்பியதாகிவிடுமே! "அபாரம்!" என்றார். அமைச்சர்கள் கழுத்தைச் சொறிந்துகொண்டே இன்னொரு துண்டு கேட்டார்கள். தூண் மறைவில் நின்ற பூங்காவனம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இனியாவது படகுகளை நிறுத்துவார்கள், பிழைப்பு திரும்பும் என்று நம்பினாள்.

மன்னர் எழுந்தார். "இத்தனை ருசியான வஞ்சிரம் ஏழைக்குக் கிடைக்க வேண்டாமா? நாளை முதல் வீட்டுக்கு வீடு இலவசம்!"

இலவசமாக வருவதை யார் காசு கொடுத்து வாங்குவார்? சந்தையை இழுத்து மூடினார்கள். முதல் பயனாளியாகப் பூங்காவனத்தையே மேடையேற்றி, இரண்டு கையிலும் வஞ்சிரத்தை வழிய வழியக் கொடுத்தார்கள்.

"சிரிம்மா, படம் எடுக்கணும்" என்றார் அமைச்சர்.

"கை அரிக்குதுங்க. சொறிஞ்சுக்கட்டுமா?"

"கொஞ்சம் பொறு. தேர்தல் முடியட்டும்."