ஓரம் தேய்த்த ஓட்டை

மச்சானின் புது வீட்டுக் குடிபூரலுக்குப் போவதில்லை என்று சண்முகநாதன் சபதம் எடுத்தார். மனதுக்குள்தான். வாய்விட்டு எடுத்த சபதம் ஒன்றாவது மனைவி கேதீஸ்வரியைத் தாண்டி வாசல் படலைவரை போனதாக இணுவிலில் சரித்திரம் இல்லை.

குடிபூரல் நடக்கிற அதே ஞாயிறு வட்டுக்கோட்டையில் மாட்டுவண்டிச் சவாரி. சிநேகிதர் தம்பிஐயாவின் சோடி மாடுகள் முதல்முதலாக ஓடுகின்றன. சண்முகநாதன் நின்று கத்தாவிட்டால் மாடுகளுக்கு உசார் வராது என்று தம்பிஐயா சொல்லியிருந்தார். கத்துகிற கூட்டத்தைக் காரில் ஏற்றி வருவதாக இவரும் வாக்குக் கொடுத்துவிட்டார். குடிபூரலுக்கு மீசாலைக்குப் போனாலோ, மச்சான் சுதாகரன் பதித்த மாபிள் கல்லை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்து 'ஆகா' சொல்லவேண்டும். ஆனால் கேதீஸ்வரிக்கு அந்தக் குடிபூரல்தான் உயிர். தாய் தகப்பன் இல்லாத தம்பி. அக்கா வந்து விளக்குக் கொளுத்தாமல் புது வீட்டுக்குள் அடிவைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

பெற்றோலுக்கு நாய்படாப் பாடு படுகிற காலம் அது. இவருடைய மொறிஸ் மைனர் காரில் கிடந்த பெற்றோல் மீசாலைக்குப் போய்வரக் காணும், அல்லது வட்டுக்கோட்டைக்குப் போய்வரக் காணும். இரண்டுக்கும் காணாது.

சண்முகநாதனின் தொழிலே அந்தத் தட்டுப்பாட்டில் தழைத்ததுதான். கள்ளர் வாகனத்துக்குக் கீழே பூந்து, தாங்கியில் ஓட்டை போட்டுப் பெற்றோலை வடித்துக்கொண்டு போவார்கள். ஓட்டைத் தாங்கி இவர் வளவில் இருக்கும் கராச்சுக்கு வரும். இவர் ஒட்டிக் கொடுப்பார். எங்கடை அடுப்பு கள்ளற்றை புண்ணியத்திலைதான் எரியுது என்பாள் கேதீஸ்வரி. இவருக்கோ கள்ளர் மேல் தீராத கோபம், களவுக்காக அல்ல, கைவேலைக்காக. "ஆணியாலை குத்திக் கிழிச்சு வைச்சிருக்கிறான், மாடு. களவெண்டாலும் ஒரு ஒழுங்கு வேண்டாமோ?" என்று ஒவ்வொரு தாங்கியையும் பார்த்துப் பேசுவார்.

வெள்ளி பின்னேரம் கேதீஸ்வரி கந்தசுவாமி கோயிலுக்குப் போனாள். அவள் தலை மறைந்ததும் மனுசன் கைத்துறப்பணத்தோடு தன் காருக்குக் கீழேயே பூந்தார். ஓட்டை போட்டார். பெற்றோல் முழுவதையும் வாளியில் பிடித்தார். அத்தோடு எழும்பியிருந்தால் கதை வேறு. தொழில் பழகின கை சும்மா இருக்குமா? ஓட்டையின் ஓரம் கரடாகக் கிடப்பதைக் கண்டதும் அரத்தை எடுத்து வடிவாகத் தேய்த்தார். மிச்சம் ஒழுகாமல் சவர்க்காரத் துண்டை அப்பி, துணியால் துடைத்தும் விட்டார்.

பெற்றோலை ஒளிக்க நல்ல இடமும் வைத்திருந்தார். பக்கத்து வீட்டு ஜெனிஸின் ஓட்டோத் தாங்கி ஒட்டி முடிந்து கராச்சுத் தட்டில் இருந்தது. ஊற்றப் பெற்றோல் இல்லாதபடியால் ஜெனிஸ் அதைக் கொண்டுபோக அவசரப்படவில்லை. ஓட்டோவும் இவர் வளவிலேயே நின்றது. ஒட்டின தாங்கியில் தண்ணீர் ஊற்றி வைத்து ஒழுக்குப் பார்ப்பது தொழில் வழக்கம். ஆகவே தாங்கி நிறைந்திருந்தால் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. வாளியில் இருந்ததை அப்படியே அதற்குள் ஊற்றி மூடினார். ஞாயிறு விடிய மனுசியை பஸ் ஏற்றிவிட்டு, கார்த் தாங்கியை ஒட்டி, பெற்றோலைத் திருப்பி ஊற்றினால் வட்டுக்கோட்டை. திட்டத்தை நினைக்க நினைக்க அவருக்கே தன்மேல் மரியாதை வந்தது.

கேதீஸ்வரி திரும்பி வந்தபோது தலையில் கைவைத்துக்கொண்டு படியில் இருந்தார்.

"இஞ்சாரும், எங்கடை காருக்கும் வந்திட்டான். ஒரு சொட்டு விடேல்லை, பாவி."

அவள் சீலையை ஒதுக்கிக் குனிந்து, ஃபோன் வெளிச்சத்தில் காருக்குக் கீழே கனநேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "ஓகோ," என்றாள். அந்த 'ஓகோ' சண்முகநாதனுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அழுகை, ஒப்பாரி எதுவும் இல்லாமல் அவள் தோசைக்கு அரைக்கப் போய்விட்டதால் மனம் ஆறினார்.

சனிக்கிழமை அவள் வழக்கமில்லாத வழக்கமாக கராச்சுத் தட்டைத் தூசி தட்டினாள்.

"என்னப்பா, ஜெனிஸின்ரை தாங்கி இந்தக் கனம் கனக்குது?"

"தண்ணியப்பா. ஒழுக்குப் பாக்க ஊத்தினது. தொடாதையும்."

"தண்ணியோ? சரி, தண்ணிதானே," என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

ஞாயிறு விடிய சண்முகநாதன் கிணற்றடியில் சவாரிக்கு வேண்டிய குரலைச் சரிபார்த்துக்கொண்டே முழுகினார். தலை துடைக்கையில் முன்பக்கம் ஓட்டோ ஒன்று உறுமியது. ஈரத் துவாயோடு ஓடினார். தாங்கி பொருத்திப் பூட்டியபடி ஓட்டோ. முன்னால் ஜெனிஸ். பின்னால் கூறைச்சேலையும் குத்துவிளக்குமாகக் கேதீஸ்வரி.

"அக்காதான் ஃபோன் எடுத்து வரச்சொன்னவ," என்றான் ஜெனிஸ். "தண்ணியை வெளியிலை ஊத்துவம் எண்டு பாத்தன். ஊத்தாதை, அப்பிடியே பூட்டு எண்டவ. பூட்டினன். ஓடுது அண்ணை! உங்கடை கைராசியே தனி."

சண்முகநாதனுக்குக் கள்ளனைத் தேள் கொட்டின கதை. கத்தினால் பெற்றோல் தன்னுடையது என்று சொல்லவேண்டும். சொன்னால் அது எப்படி அங்கே போனது என்றும் சொல்லவேண்டும்.

"நீங்கள் ஊத்தின தண்ணி நல்ல தண்ணியப்பா," என்றாள் கேதீஸ்வரி. "வேட்டியைக் கட்டிக்கொண்டு ஏறுங்கோ. நேரம் போகுது."

ஏறினார். காலடியில் ஏதோ இடித்தது. தாங்கி ஒட்டுகிற அவருடைய சாமான் பெட்டி. இது என்னத்துக்கு என்று கேட்கப் பயமாக இருந்தது, கேட்கவில்லை.

மீசாலையில் கேதீஸ்வரி விளக்குக் கொளுத்தினாள். சுதாகரன் சின்னப்பிள்ளை மாதிரி அக்காவின் தோளில் சாய்ந்து அழுதான். இதைக் குழப்பவா பார்த்தோம் என்று சண்முகநாதனுக்கு ஒரு நிமிசம் உண்மையாகவே வெட்கமாகப் போயிற்று. அந்த நிமிசம் முடியமுதல் மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து கையைப் பிடித்தான். தன் வான் வண்டியின் தாங்கிக்கும் கள்ளன் ஓட்டை போட்டுவிட்டானாம். அத்தான் பெட்டியோடு வருகிறார் என்று அக்கா நேற்றே சொன்னாளாம்.

எல்லாரும் பந்தியில் இருக்க, பட்டுவேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு சண்முகநாதன் வானுக்குக் கீழே கிடந்தார். ஃபோன் அடித்தது. தம்பிஐயா. மாடுகள் முதலாம் இடமாம். "நீ வராததும் நல்லதாப் போச்சடாப்பா. உன்ரை சத்தம் இல்லாமல் வெருளாமல் ஓடினதுகள்."

ஃபோனை வைக்கையில் வானின் ஓரத்தில் பொங்கல் தட்டோடு இரண்டு கால்கள் வந்து நின்றன. கேதீஸ்வரி குனிந்து பார்த்தாள்.

"இது அசல் கள்ளன் போட்டதப்பா," என்றாள். "பாருங்கோ, ஓரம் தேய்க்கேல்லை."