வாலறிவனின் வாரிசு

ஒரு காட்டில், கோடைமழை பெய்துவிட்டு மறந்துபோன குட்டை ஒன்று இருந்தது. மழைதான் மறந்தது, வெயில் மறக்கவில்லை. நாளுக்கு ஒரு சாண் என்று குட்டையைக் குடித்துக்கொண்டே வந்தது. அதில் நானூற்றுப் பன்னிரண்டு தலைப்பிரட்டைகள் குடியிருந்தன. அவற்றில் ஒருவன் பெயர் வாலறிவன். பெற்றவர்கள் அறிவை நினைத்து வைத்த பெயர். பார்த்தவர்கள் வாலை நினைத்து வைத்ததாக எண்ணிக்கொண்டார்கள்.

தண்ணீர் இன்னும் ஆறு நாள் தாங்கும் என்று வாலறிவன் மதிப்பிட்டான். அதற்குள் தவளையாகிக் கரையேறினால் பிழைப்பான். இல்லையென்றால் சேற்றோடு காய்ந்து வடகமாகிவிடுவான். தவளையாவதில் அவனுக்குக் கவலை இல்லை. அது தூங்கும்போதுகூடத் தானாக நடந்துகொண்டிருந்தது. கரையேறுவதில்தான் சிக்கல். அதற்குக் கரைச்சீட்டு வேண்டும்.

கரையில் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் காவல் நின்றது. சட்டத்தை மீறாத கொக்கு. சீட்டு வைத்திருப்பவரை அது ஏறெடுத்தும் பார்க்காது. சீட்டில்லாமல் கரையைத் தொட்டவரைக் குனிந்து எடுத்து விழுங்கிவிடும். விழுங்குவது என்று அது சொல்லாது. காவலில் எடுப்பது என்று சொல்லும்.

"கொக்கண்ணே," என்று வாலறிவன் ஒருநாள் தள்ளி நின்றே கேட்டான், "போன வாரம் எங்க சின்னய்யனைக் காவல்ல எடுத்தீங்களே, அவன் எப்போ வெளியே வருவான்?"

"அவன் அன்னிக்குச் சாயந்தரமே வெளியே வந்துட்டானே தம்பி. உனக்குத்தான் அடையாளம் தெரியல."

குட்டை வற்றுகிற செய்தி காட்டுப் பதிவு அலுவலகத்துக்கு எட்டியது. உடனே தண்ணீரோரம் சிறப்பு முகாம் போட்டார்கள். இரண்டு மேசைகள். ஒன்றாம் மேசையில் ஆமையார். தண்ணீர், தரை இரண்டும் அறிந்தவர் என்று அவருக்கு அந்த நாற்காலி. இரண்டாம் மேசையில் உடும்பார். ஒரு காகிதம் அவர் கையில் சிக்கினால் பிறகு யாராலும் பிடுங்க முடியாது என்று அவருக்கு அந்த நாற்காலி. தண்ணீர் உள்வாங்க உள்வாங்க மேசைகளும் தினம் ஒரு சாண் குட்டைக்குள் இறங்கின.

படிவம் வெள்ளைக்காரன் காலத்தில் எழுதியது. பின்னால் வந்தவர்கள் அதில் எல்லாவற்றையும் தமிழாக்கினார்கள். இரண்டு சொற்களை மட்டும் தொடப் பயந்து அப்படியே விட்டுவிட்டார்கள். ஒன்று கன்வர்ஷன். இன்னொன்று டிரான்ஸ்ஃபர்மேஷன். மனுதாரர் அடைய விரும்பும் மாற்றம் இவ்விரண்டில் எது என்று டிக் அடிக்க வேண்டும். கையில்லாதவர்கள் கையெழுத்துக்குப் பதிலாகக் கீழே வால் ரேகை வைக்க வேண்டும்.

வாலறிவன் முதல் நாளே வாலை மையில் தோய்த்து ரேகை வைத்துவிட்டு, டிக் அடிக்காமல் ஆமையாரிடம் போனான்.

"ஐயா, இதுல எது நான்?"

கடினமான கேள்வி வந்தால் ஆமையார் தலையை உள்ளே இழுத்துக்கொள்வது வழக்கம். ஓட்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"மாட்டுக்கொட்டகையைப் பள்ளிக்கூடமா ஆக்கினா அது கன்வர்ஷன். சுவரும் அதே, கூரையும் அதே, உபயோகந்தான் வேற. பால் தயிரானா அது டிரான்ஸ்ஃபர்மேஷன். தயிரை என்னதான் பிழிஞ்சாலும் பால் வராது. இப்போ சொல்லு. நீ கொட்டகையா, பாலா?"

பிறந்து மூன்று வாரமாகியும் இப்படி யாரும் தன்னைக் கேட்டதில்லை என்பது வாலறிவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"பாலுன்னுதான் நினைக்கிறேன் ஐயா. வால் போயிரும், கால் வந்துரும். செவுள் போயி நெஞ்சால மூச்சு விடுவேன். புழு பூச்சியெல்லாம்கூடத் திம்பேனாம்."

"அப்போ டிரான்ஸ்ஃபர்மேஷன். ரெண்டாம் மேசைக்குப் போ."

இரண்டாம் மேசை இரண்டு சாண் தூரத்தில் இருந்தது. வரிசையில் போய்ச்சேர ஒருநாள் ஆனது.

"தவளையான பிறகு தண்ணிப் பக்கம் வருவியா?" என்றார் உடும்பார்.

"வராம இருப்பேனா ஐயா? குளிக்கணும். மழை பெஞ்சா பாடணும்."

"அப்படி வா வழிக்கு. டிரான்ஸ்ஃபர்மேஷன்னா போனது போனதுதான். ஒரு காலை உள்ளே வச்சுக்கிட்டு இன்னொரு காலை வெளியே வைக்கிறவனுக்கு அந்தப் பேரைக் குடுக்க முடியாது. நீ சொந்த வீட்டைப் பூட்டாம வெளியூர் வேலைக்குப் போறவன். கன்வர்ஷன். ஒன்னாம் மேசைக்குப் போ."

மூன்றாம் நாள் காலையில் வாலறிவன் கண்விழித்தபோது பின்பக்கம் இரண்டு கால்கள் முளைத்திருந்தன. வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்ற பூசணியக்கா அதைப் பார்த்துச் சிரித்தாள். குட்டையிலேயே பெரிய தலை அவளுக்குத்தான்.

"ஏன்டா, ரெண்டு மேசைக்கும் மாத்தி மாத்தி நடந்தே உனக்குக் கால் வந்துருச்சு போல."

ஆமையார் சிரிக்கவில்லை. ஈர்க்குச்சியை வைத்து இரண்டு கால்களையும் அளந்தார்.

"மனு குடுத்தப்போ இதெல்லாம் இல்ல. அனுமதி வாங்காம பின்பக்கமா ரெண்டு கால் எழுப்பியிருக்கே."

"தானா வந்துச்சு ஐயா."

"இந்த ஊர்ல ஆக்கிரமிப்பு எல்லாமே தானாத்தான் வருது. ஒன்னு இடிச்சுடு. இல்லைன்னா வரைபடம் குடு."

இடிக்க மனம் வராமல் வாலறிவன் வரைபடம் வரைந்தான். சேற்றில் வரைந்து, இலையில் ஒற்றி, மூன்று பிரதி எடுத்துக் கொடுத்தான். முன்பக்கமும் இரண்டு வரவிருப்பதாக ஓரத்தில் குறிப்பு எழுதச் சொன்னார்கள். எழுதினான்.

நான்காம் நாள் இரண்டு அதிகாரிகளும் சேர்ந்து அவனைக் கூப்பிட்டு உட்கார்ந்தார்கள். அவனை உட்காரச் சொல்லவில்லை.

"ஒரே கேள்விதான்," என்றார் உடும்பார். "மாறின பிறகு நீ நீதானா?"

"நான்தான் ஐயா."

"அப்போ என்ன மாறுச்சு? ஒன்னும் மாறாதவனுக்குச் சீட்டு எதுக்கு?"

வாலறிவன் பயந்து பதிலை மாற்றினான். "சரி ஐயா. மாறின பிறகு அது நான் இல்லை."

"நீ இல்லைன்னா உன் பேர்ல எப்படிச் சீட்டு குடுக்கறது?" என்றார் ஆமையார்.

அன்று முழுவதும் வாலறிவன் சேற்றில் படுத்து, தான் யார் என்று யோசித்தான். தண்ணீர் அவன் முதுகை முழுதும் மூடவில்லை. ஒரு பக்கம் முதுகு காய்ந்தது. யோசனையை நிறுத்திவிட்டுப் புரண்டு படுத்தான்.

ஐந்தாம் நாள் முன்னங்கால்களும் வந்துவிட்டன. வால் உள்ளே வற்றி, பின்னால் ஒரு மிளகு அளவுக்கு மொட்டையாக நின்றது. பார்க்கிற எவரும் தவளை என்றுதான் சொல்வார்கள். ஆமையார் சொல்லவில்லை. அவர் மனுவில் இருந்த வால் ரேகையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"இந்த ரேகை வச்சவர் எங்கே?"

"நான்தான் ஐயா வச்சேன்."

"எதால வச்சே?"

"வாலால."

"அந்த வால் எங்கே?"

வாலறிவன் திரும்பித் தன் பின்பக்கத்தைப் பார்க்க முயன்றான். தவளைக் கழுத்து திரும்பவில்லை.

"மனுதாரரைக் கூட்டிட்டு வா. அவர் வராம ஒன்னும் நடக்காது," என்று ஆமையார் மனுவை மடித்துவிட்டார்.

அவன் நகராமல் நின்றான். குட்டையில் மிச்சமிருந்தது ஒரு பெரிய அண்டா அளவுத் தண்ணீர். கரையில் கொக்கு காலை மாற்றி நின்றது. பின்னால் வரிசை முனகியது. பூசணியக்காவுக்கும் கால் முளைத்து வலித்துக்கொண்டிருந்தது.

"மனுதாரர் மனுதாரர்னு உயிரை எடுக்கறாங்க. அவன் செத்துட்டான்னு சொல்லிட்டு நகரேன்டா," என்று எரிந்து விழுந்தாள்.

வாலறிவன் ஒரு நொடி அவளைப் பார்த்தான். பிறகு மேசைப் பக்கம் திரும்பினான்.

"ஐயா, மனுதாரர் இறந்துட்டார்."

ஐந்து நாளில் முதல் முறையாக ஆமையாரின் தலை முழுவதும் ஓட்டுக்கு வெளியே வந்தது.

"அடடா. இதை முதல்லயே சொல்லக் கூடாதா? இறந்தவர் மனுவை ஒருநாள்கூட நிலுவையில வைக்கக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு இருக்கே. உட்காருங்க, உட்காருங்க. நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"மகன்."

"பேரு?"

அவன் கொஞ்சம் யோசித்து, "அறிவன்," என்றான். பெயரிலிருந்தும் வால் போயிற்று.

ஆமையார் மேசைக்கு அடியிலிருந்து வேறொரு படிவம் எடுத்தார். வாரிசுப் படிவம். அதில் கன்வர்ஷனும் இல்லை, டிரான்ஸ்ஃபர்மேஷனும் இல்லை. இறந்தவர் பெயர், வாரிசு பெயர், அவ்வளவுதான். இறந்தவர் கேட்டது எதுவோ அது வாரிசுக்கு அன்றே கிடைக்கும்.

உடும்பாருக்கு மட்டும் சந்தேகம். எழுந்து வந்து அவனை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"பின்னால அது என்ன, மிளகு மாதிரி?"

அவன் நெஞ்சு தொண்டைக்கு வந்துவிட்டது. தவளைத் தொண்டை என்பதால் அது வெளியிலும் தெரிந்தது.

"அப்பா ஞாபகமா வச்சிருக்கேன் ஐயா."

உடும்பார் கண்ணைத் துடைத்துக்கொண்டு தம் நாற்காலிக்குத் திரும்பினார். "சரி. சாவுக்கு ஒரு சாட்சி மட்டும் வேணும்."

குட்டையில் சாவுக்குச் சாட்சி என்றால் ஒரே ஒருவர்தான். கூப்பிட்டார்கள். கொக்கு மெல்ல நடந்து வந்து, அவனுக்கு நேராகக் குனிந்து ஒரு கண்ணால் பார்த்தது. அந்தக் கண்ணில் தன் முகம் தெரிவதை அவன் பார்த்தான்.

"காலஞ்சென்ற வாலறிவனை உங்களுக்குத் தெரியுமா?" என்றார் ஆமையார்.

கொக்கு இதுவரை எவனையும் முகம் பார்த்து விழுங்கியதில்லை. ஆனால் தன் காவலில் தனக்குத் தெரியாமல் ஒருவன் செத்தான் என்று அதிகாரிகள் முன்னால் எப்படி ஒப்புக்கொள்வது?

"வாலறிவன்," என்று அது வானத்தைப் பார்த்தது. "ஆமாம். நேத்துக் காலையில நான்தான் காவல்ல எடுத்தேன். வால் கொஞ்சம் நீளம்."

"கடைசியா ஏதாவது சொன்னாரா?" என்றார் உடும்பார்.

"உள்ளே போன பிறகு ஏதோ சொன்னார். சரியா கேக்கல."

அறிவன் அழுதான். நடிக்கவில்லை. வாலறிவனை அவனுக்கு நிஜமாகவே பிடிக்கும்.

ஆமையார் முத்திரையை ஓங்கும்போது பாதியில் நிறுத்தினார். "உடும்பாரே, ஒரு சந்தேகம். செத்துப்போறது கன்வர்ஷனா, டிரான்ஸ்ஃபர்மேஷனா?"

குட்டையே உடும்பாரின் வாயைப் பார்த்தது.

"அது நம்ம துறையில வராது," என்றார் உடும்பார். முத்திரை விழுந்தது.

அறிவன் சீட்டை வாயில் கவ்விக்கொண்டு கரையேறினான். கொக்கு வழிவிட்டு நின்றது.

"உங்க அப்பாவைப் பத்திக் குறை சொல்ல முடியாது தம்பி," என்றது. "கொஞ்சம் பாசி வாசனை. அவ்வளவுதான்."

மறுநாள் முகாம் திறந்ததும் பூசணியக்கா அழுதபடி வந்தாள். "எங்கம்மா பூசணி போயிட்டாங்க ஐயா." அவளுக்குப் பின்னால் நின்ற அத்தனை பேரும் அநாதைகள். ஒவ்வொருவர் பின்னாலும் மிளகு அளவில் ஒரு ஞாபகம். உச்சிப்பொழுதுக்குள் நானூற்றுப் பதினோரு சாவுகள். எல்லாவற்றுக்கும் கொக்கே சாட்சி. முதல் பொய்யைச் சொன்னவர் நடுவில் நிறுத்தினால் நன்றாகவா இருக்கும்? மாலையில் அண்டாத் தண்ணீரும் வற்றியபோது குட்டையில் ஒருவரும் இல்லை.

முகாம் பெரிய வெற்றி என்று மேலிடம் பாராட்டியது. நிலுவை மனு ஒன்றுகூட இல்லை. கன்வர்ஷன் பூஜ்யம், டிரான்ஸ்ஃபர்மேஷன் பூஜ்யம். ஒரே நாளில் நானூற்றுப் பதினோரு பேரைக் காவலில் எடுத்த கொக்குக்குக் கழுத்தில் பதக்கம் மாட்டினார்கள். அன்று முழுவதும் அது பட்டினி.

அடுத்த மழைக்குக் குட்டை நிறைந்தது. அறிவன் குளிக்க வந்தான், பாடினான். ஆண்டுதோறும் அந்த நாளில் தனக்குத்தானே திவசம் கொடுக்கிறான். மூன்று கொசு படைப்பான். இறந்தவர் சார்பில் அவனே சாப்பிடுவான்.

நீதி: மாறிவிட்டேன் என்று சொன்னால் நிரூபிக்கச் சொல்வார்கள்; செத்துவிட்டேன் என்று சொன்னால் உட்காரச் சொல்வார்கள்.