மாமனாரின் கொழுப்பைக் கரைத்த கதை

என் மாமனாரை நான் ஒருமுறை கொல்லப் பார்த்தேன். விரோதம் எதுவும் கிடையாது. ரொம்பப் பிரியத்தில்தான் செய்தேன்.

2007 வாக்கில் கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியின் ஆய்வகத்தில் இருந்தேன். மிச்ச நேரத்தில் மூலிகை மாத்திரை விற்பனை. பூண்டு, வெந்தயம், மருதம்பட்டை எல்லாம் பொடித்து அடைத்த பச்சைக் கேப்சூல். கொழுப்பைக் கரைத்து ரத்தத்தைக் கழுவிவிடும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

மாமனார் சிதம்பரம் மேல வீதியில் இருந்தார். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொலஸ்ட்ரால் ஜாஸ்தி என்று டாக்டர் அப்போதுதான் தினம் ஒரு மாத்திரை எழுதியிருந்தார். "அதப் போட்டா தொடையெல்லாம் கடுக்குது மாப்ள" என்று புலம்புவார்.

"இது இயற்கை மாமா. பக்க விளைவே கெடையாது" என்று என் டப்பாவை நீட்டினேன். இரண்டு மாதம் இரண்டையும் சேர்த்தே விழுங்கினார். ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு நன்றாகக் குறைந்திருந்தது. இரண்டு பொருளை ஒன்றாகக் கலந்துவிட்டு, இன்னதுதான் வேலை செய்தது என்று ஆய்வகத்தில் எவனாவது சொன்னால் அவனை ஒரு வாரம் ஓட்டுவோம். அன்று என்னை ஓட்ட ஆளில்லை.

"பாத்தீங்களா? நம்ம மூலிகைதான் கொறச்சிருக்கு. அந்த இங்கிலீஷ் மாத்திரய நிறுத்திடுங்க மாமா."

"டாக்டர ஒரு வார்த்த கேட்டுடலாமே?" என்றாள் என் மனைவி சுமதி.

"அவருக்கு வியாபாரம் போயிடுமே, எப்பிடி ஒத்துக்குவாரு?" என்றேன். (யார் சொல்வது பாருங்கள்.)

ஐந்து மாதம் கழித்து, திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் எங்கள் விற்பனைக் கூட்டம். பலனடைந்தவர்கள் மேடையேறிப் பேச வேண்டும். மாமனாரை பஸ்ஸில் அழைத்து வந்தேன். இறங்கும்போதே அவருக்கு சட்டை நனைய வியர்த்திருந்தது. "வெயில் மாமா" என்றேன்.

மைக்கைப் பிடித்தார். "எம் மாப்ள குடுத்த மருந்துல..." என்றவர் நிறுத்தினார். கை நெஞ்சுக்குப் போனது. அப்படியே மேடையில் உட்கார்ந்துவிட்டார்.

"பாருங்க, பேச்சே வரல! எவ்ளோ உணர்ச்சிவசப்படறாரு!" என்று எங்கள் குழுத் தலைவர் பாஸ்கர் முழங்கினார். மண்டபமே கைதட்டியது. கொடுமை என்னவென்றால், நானும் தட்டினேன். முன்வரிசையில் இருந்த சுமதிதான் "அப்பா!" என்று அலறிக்கொண்டு மேடைக்கு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "என்ன மாத்திரை சாப்புடறாரு?"

டப்பாவைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொலஸ்ட்ரால் மாத்திரை?"

"நிறுத்திட்டாரு சார்."

"யாரு சொல்லி?"

நான் சுவரைப் பார்த்தேன். "இவருதான்" என்றாள் சுமதி.

"என்ன படிச்சிருக்கீங்க?"

"எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி சார்."

திட்டியிருந்தால் தேவலாம். நீட்டிய என் கையைத் தாண்டி, மருந்துச் சீட்டை சுமதியிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

மாமனார் பிழைத்தார். ஆனால் இதயத்தில் ஒரு பகுதி செத்துவிட்டது என்றார்கள். சாயங்காலம் நாலு வீதியும் சுற்றி வருகிறவர், தெருமுனை வரை போய் மூச்சு வாங்கித் திரும்பினார். மாத்திரையை நிறுத்தாவிட்டாலும் மாரடைப்பு வந்திருக்கலாம் என்று டாக்டர் பின்னொரு நாள் சொன்னார். அந்த 'வந்திருக்கலாம்' என்பதைப் பிடித்துக்கொண்டுதான் நான் தூங்குகிறேன்.

அவர் என்னை ஒரு வார்த்தை கடிந்ததில்லை. ஆனால் அதற்கப்புறம் நான் காபி நீட்டினால்கூட டம்ளரை முகர்ந்து பார்த்து, "டாக்டர் எழுதிக் குடுத்தாரா மாப்ள?" என்பார். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

2012இல் அவர் போய்ச் சேர்ந்தார். இப்போது நான் தண்ணீர் மொண்டு கொடுத்தாலும் என் பிள்ளைகள் தாத்தா குரலிலேயே அதே கேள்வியைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சுமதி மட்டும் அந்த நேரம் பார்த்து எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.