டிராம் படமும் பிரேக் அண்ணனும்

சினிமாவில் பஸ் வந்தால், அதற்குள் இருக்கும் ஆட்களின் உயிரை நினைத்து வியர்த்துக்கொட்டிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் கேரள எல்லையில் எங்கள் பாறசாலையில் இருந்தார். பேர் பிரேக் அண்ணன். பெற்றவர்கள் வைத்த பேர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

பக்கத்துக் காரோடு ஊரிலிருந்து திருவனந்தபுரம் போகும் காலை பஸ்ஸுக்கு அவர்தான் டிரைவர். லீவு நாளில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் எந்தக் கொட்டகையில் ஓடினாலும் போய்விடுவார். நடிகர்கள் யாரென்று அவருக்குத் தெரியாது. முன்னால் எஞ்சின் நீட்டிக்கொண்டிருந்தால் மூக்கு பஸ் படம், அப்புறம் ரெட்டைமாடி பஸ் படம், டிராம் படம் என்றுதான் சொல்லுவார்.

டிராம் படத்துக்கு நானும் கூடப் போயிருந்தேன். மதராஸ் தெருவில் ஓடும் டிராமில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டு கதாநாயகன் பாடுகிறான். கொட்டகையே தாளம் போடுகிறது. அண்ணன் எழுந்துவிட்டார்.

"எலே, உள்ள ஏறுலே! கம்பி வழுக்கும், கேட்டியா!"

பின்னால் இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். அண்ணன் என் காதில் சொன்னார்: "மக்கா, அந்த வண்டிக்கு ஸ்டியரிங்கே இல்லியே. குறுக்க ஒரு பசு வந்தா என்னடே செய்வான்?"

கதாநாயகன் பத்திரமாக இறங்கி, காதலித்து, கல்யாணமும் செய்துகொண்டான். அண்ணன் மட்டும் படம் முடியும்வரை முன் நாற்காலியின் முதுகைப் பிடித்த பிடியை விடவில்லை.

இன்னொரு படத்தில் ஒரு மூக்கு பஸ் பிரேக் பிடிக்காமல் மலையிறங்கிப் பள்ளத்தில் உருண்டது. அதைப் பார்த்த மறுநாள் அண்ணன் ஓட்டிய பஸ்ஸை சைக்கிள்காரர்கள் முந்தினார்கள். ஒரு மாட்டுவண்டியும் முந்தியது. அன்றைக்கு நான் கல்ஃபுக்குப் புறப்பட்டதும் அதே பஸ்ஸில்தான்.

குடிசை போட்டிருந்தவர்களுக்கே நிலம் என்று சட்டம் வந்தபோது குடிகிடப்பாகக் கிடைத்த பத்து சென்ட் நிலத்தில் பாதியை விற்று அப்பா எனக்கு விசா வாங்கியிருந்தார். நடுப்பகலுக்குத் திருவனந்தபுரத்தில் பம்பாய் ரயில். அதை விட்டால் விமானமும் போச்சு, விற்ற நிலமும் போச்சு. அண்ணனோ ஒவ்வொரு இறக்கத்துக்கு முன்னாலும் பஸ்ஸை நிறுத்தி, அடியில் குனிந்து பார்த்துவிட்டு வந்தார்.

அப்பா எழுந்துபோய்க் கெஞ்சினார். "தம்பி, பயலுக்கு ரயிலு போயிரும். கொஞ்சம் மிதிப்பா."

"மிதிச்சா போவும். பொறவு நிக்கணுமே?"

"நிறுத்து சேட்டா, ஞான் நடந்நு பொய்க்கோளாம்!" என்று ஒரு சேச்சி கூடையோடு இறங்கியே போய்விட்டாள். கொஞ்ச தூரத்தில் அவள் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. "அண்ணா, ஒரு படத்துல மூக்கு பஸ்ஸு ரயிலுக்கு முந்தி ஸ்டேஷனுக்குப் போவுமே, பாத்தீங்களா?" என்றேன். அப்படி ஒரு படத்தை நானும் பார்த்ததில்லை.

அண்ணன் திரும்பினார். "டிரைவருக்கு ஒண்ணும் ஆவலியே?"

"இல்ல. மாலை போட்டாவ."

"பாலத்துல வேகம் குறைச்சானா?"

"குறைச்சான் அண்ணா."

"எல்லாரும் கம்பியப் பிடிச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு மிதித்தார் பாருங்கள்! அமரவிளை பாலத்தில் மட்டும் வேகம் குறைந்தது. அதுவரை வேகம் வேகம் என்று கத்தியவர்கள் இப்போது பகவதியையும் மாதாவையும் மாறி மாறிக் கூப்பிட்டார்கள். நெய்யாற்றின்கரை எப்போது வந்தது, எப்போது போனது என்று நான் பார்க்கவில்லை. அப்பா கண்ணையே திறக்கவில்லை.

ரயில் நின்றுகொண்டிருந்தது. ஸ்டேஷன் எதிரே பஸ்ஸை நிறுத்திவிட்டு அண்ணனும் பிளாட்பாரத்துக்கு ஓடிவந்தார். என்னை வழியனுப்பத்தான் வருகிறார் என்று நினைத்தேன். நேராக ரயில் கார்டிடம் போனார். "சாரே, இதுக்கு பிரேக்கு நல்லாட்டு பிடிக்குமா? நம்ம பய ஒருத்தன் போறான், அதாக்கும்."

கல்ஃபில் முதல் சம்பளம் வாங்கியதும், கம்பெனி பஸ் பக்கத்தில் நின்று எடுத்த போட்டோ ஒன்றை அவருக்கு அனுப்பினேன். பதில் வர இரண்டு மாதமாயிற்று.

"போட்டோ கிட்டியது. நீ ரொம்ப மெலிஞ்சு போனாய். பஸ்ஸுக்குப் பின்னால உள்ள வலது டயருக்குக் காத்து குறைவு. அதுல ஏறாதே மக்கா."

மறுநாள் காலை, அந்த வெயிலில், வேலைக்கு நடந்தே போனேன்.